நொலேஜுக்கு முன்னால ‘பிக்’ போடலாமா?

அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிரிக்கா, ஏஎல் முடிச்சிட்டு வேலைக்கு எப்ளிகேசன் போடுறாவாம், சீவில ‘ஐ ஹாவ் பிக் நொலேஜ் இன் கொம்பியூட்டர், ஐ லேர்ன்ட் மெனி நொலேஜஸ்’ எண்டு எழுதினது சரியா, பிழை எண்டா நொலேஜோட என்னென்ன சொல்லு சேரும் எண்டு.

தங்கச்சி, நம்மட பக்கம் வேளாம வெட்டுவம், பிறகு வெட்டின கதிரக் குவிச்சு நெல்லப் பிரிக்கச் சூடு அடிப்பம். ஆராச்சும் ‘சூடு வெட்டுறன்’ எண்டா கருத்து விளங்கினாலும் இவர் வயல் பக்கம் போகாத ஆள் எண்டு உடனே தெரிஞ்சிரும், சீவி வாசிக்கிறவருக்கு ‘பிக் நொலேஜ்’ அப்பிடித்தான் கேக்கும். ‘குட் நொலேஜ்’ எண்டு எழுதினாலே போதும், ஆழமாத் தெரியும் எண்டா ‘இன் டெப்த்’. எனக்கு ஆகப் பிடிச்சது ‘வேர்க்கிங் நொலேஜ்’, கரைச்சுக் குடிக்கல்ல ஆனா வேலைய ஓட்டுற அளவுக்குத் தெரியும் எண்டு அர்த்தம், சிங்களம் சரளமா வராது, ஓபிசில சமாளிப்பன் எண்டா ‘எ வேர்க்கிங் நொலேஜ் ஒஃப் சிங்ஹல’ எண்டு தைரியமாப் போடுங்க, அதில பொய்யும் இல்ல உங்களக் குறைச்சுச் சொன்னதும் இல்ல.

‘மெனி’யையும் கடைசி எஸ்ஸையும் வெட்டுங்க, நொலேஜ எண்ண ஏலாது. பிறகெப்பிடி ‘எ’ வந்த எண்டு கேப்பீங்க, கனபேர் தடுமாறுற இடம் இது. குட், வேர்க்கிங் மாதிரி ஒரு சொல்லு முன்னால வந்து பின்னால ‘ஒஃப்’ எண்டு இன்னதுதான் எண்டு சொன்னா ‘எ’ வரும், நொலேஜ் எண்டு சும்மா எழுதுறண்டா வேணாம்.

‘லேர்ன்’, ‘ஸ்டடி’ ரெண்டும் இதோட ஒட்டாது. பாடத்தத்தான் லேர்ன் பண்ணுறம், நொலேஜ ‘கெயின்’ பண்ணுறம், இன்னும் ஓபிஸ் பாசையில வேணுமெண்டா ‘எக்குவயர்’. அறிவ வளர்க்கிற எண்டு நினைச்சு ‘க்ரோ’ போட்டிராதீங்க, ‘இம்ப்ரூவ்’ அல்லது ‘ப்ரோடன்’ நல்லம். நொலேஜுக்குப் பின்னால ‘இன்’ நம்மட ஆக்கள் கனக்க எழுதுறதான், ஆனா ‘ஒஃப்’ போட்டா ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டாங்க.

இன்னொண்டு, பொது அறிவுக்கு ‘ஜெனரல் நொலேஜ்’தான். ‘கொமன் நொலேஜ்’ எண்டா ஊருக்கே தெரிஞ்ச விசயம்.

எப்ளிகேசன்ர அடியில வாற ‘டு த பெஸ்ட் ஒஃப் மை நொலேஜ்’ எண்டா எனக்குத் தெரிஞ்ச மட்டில இதெல்லாம் உண்மை எண்டு, அதுக்குக் கீழதான் கையெழுத்து வைக்கிறீங்க, அதால விளங்கி வைங்க, அந்தச் சொல்லுகள மாத்தவும் வேணாம்.

உங்கட வசனத்த ‘ஐ ஹாவ் எ குட் நொலேஜ் ஒஃப் எக்செல்’ எண்டு மாத்துங்க, எக்செல் தெரியாட்டி தெரிஞ்சதிர பேரப் போடுங்க, வெறும் கொம்பியூட்டர் எண்டா அதில உங்களுக்கு என்ன தெரியும் எண்டு அவங்களுக்கு விளங்காது.