மனச்சோர்வா, பதற்றக் கோளாறா? இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொன்னால் எது சரி?

ஒருவர் மனச்சோர்வு என்கிறார், மற்றவர் பதற்றக் கோளாறு என்கிறார், யாரோ ஒருவர் தவறாகத்தானே சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமில்லை. என் கோப்பில் இரண்டு பெயருமே இருக்கின்றன. மாத்திரை மட்டும் ஒன்றுதான்.

இந்த நோய்களை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளையும் அவை நீடித்த காலத்தையும் கேட்டறிந்துதான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அவற்றில் ஒன்று துயர மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். அந்த ஒன்பதில் தூக்கக் கோளாறு, களைப்பு, கவனம் நிலைக்காமை ஆகிய மூன்றும் பொதுப் பதற்றக் கோளாற்றின் பட்டியலிலும் வருகின்றன. நீங்கள் எதை முதலில் சொல்கிறீர்களோ, அதற்கேற்ப முதல் நாளில் பெயர் மாறலாம்.

எனக்குப் பதற்றம்தான் முந்தியது. அழைப்புகளைத் தவிர்த்தேன், பிறகு நண்பர்களை, பிறகு வேலையை. தவிர்க்க எதுவும் மிச்சமில்லாதபோது சோர்வு வந்து உட்கார்ந்தது. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று இன்றும் என்னால் கோடு கிழிக்க முடியாது. நல்லவேளையாக, ஒரே வகை மாத்திரைகளும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இரண்டுக்குமே பயன்படுகின்றன. ஆகவே இந்த இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இருமுனையக் கோளாறு, அதாவது மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவு மீறி எழுச்சியுற்றும் இருக்கும் நோய். அதுவும் பலருக்கு முதலில் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். அதை அறியாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் எதிர்த்திசையில் கட்டுமீறி எழும்பிவிடும். தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் அளவு மீறிய நாட்கள் எப்போதாவது இருந்தனவா என்று யோசித்துச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த நாட்களை நோயாக நாம் நினைவில் வைத்திருப்பதில்லை, பார்த்தவர்கள் மறப்பதில்லை.

தைராய்டு குறைவும் இதே களைப்பைத் தரும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். குடியால் வந்த சோர்வா, தனி நோயா என்பது சில வாரங்கள் குடிக்காமல் இருந்த பிறகே தெளிவாகும். நெடுநாள் குடித்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் வந்துபோகிறதென்றால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.