நூறு வரை சொல்கிறாள், ஏழு தேன்குழல் எடுக்கத் தெரியவில்லை

பிள்ளைகள் எண்ணப் பழகுவதைப் பற்றி வந்த கடிதங்களில், இந்த முறையும் பாதியில் பிள்ளையின் வயது இல்லை. வயது தெரியாமல் நான் என்ன சொல்வது? சரி, வந்ததைப் பார்ப்போம்.

மூன்றரை வயது மகன் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்கிறான். நாலை விட்டுவிடுகிறான். (தேவகோட்டை)

விடட்டும். படியேறும்போது நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். நாலு தானாக வந்து சேரும்.

எங்கள் முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தூண்கள். ஐந்து வயது மகள் எண்ணினால் ஒரு நாள் பதினான்கு, ஒரு நாள் பதினாறு. கவனக்குறைவா? (கானாடுகாத்தான்)

இல்லை. எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுற்றி இருப்பதை எண்ணும்போது தொடங்கிய இடத்தில் ஓர் அடையாளம் வேண்டும். முதல் தூணில் ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள். துண்டு திரும்ப வந்தால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தூணையும் தொட்டு எண்ணட்டும். கை ஒரு தூணிலும் வாய் மூன்று தூண் தள்ளியும் இருந்தால் கணக்குத் தப்பத்தான் செய்யும். அப்புறம் துண்டை வேறு தூணுக்கு மாற்றுங்கள். அப்போதும் பன்னிரண்டுதான் வருகிறது என்று அவளே பார்க்கட்டும்.

நாலு வயதுப் பேத்தி நூறு வரை மடமடவென்று சொல்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். அடுத்து இருநூறா, வாய்ப்பாடா? (காரைக்குடி)

இரண்டும் வேண்டாம் ஆச்சி. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இப்படித்தான் ஒரு குழந்தையை நடுவளவில் நிறுத்தி நூறு சொல்ல வைத்தார்கள். மூச்சு விடாமல் சொன்னது. பலகாரத் தட்டை நீட்டி, "ஏழு தேன்குழல் எடுத்துக் கொடு" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தது! ஐந்தை மட்டும் வரிசையாக வைத்தேன். ஐந்து வரை எண்ணியது. "மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. நூறு என்பது அதற்கு ஒரு பாட்டு.

பேத்தியிடம் 'எண்ணு' என்று சொல்வதைவிட 'கொடு' என்று கேளுங்கள். மூன்று கொடு, நாலு கொடு. எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் கையால் ஒரு வட்டம் போட்டு, "ஆக, நாலு" என்று முடியுங்கள். சாப்பிட உட்காரும்போது டம்ளர் வைக்கும் வேலையை அவளிடம் விடுங்கள்: ஐயாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று. ஐந்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் கூடிவிட்டது என்பாள். திட்டாதீர்கள், ஆறு ஏழு வயதில் தெளியும். அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியதே ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். நாலு வயதில் வாய்ப்பாட்டுக்கு என்ன அவசரம்? வந்தவர்கள் மெச்சுவது உங்களை, பிள்ளையை இல்லை.

பல்லாங்குழி எப்போது தொடங்கலாம்? (புதுவயல்)

ஐந்து வயதையொட்டி. முழு ஆட்டம் வேண்டாம். 14 குழியில் ஒரு பக்கத்து ஏழு போதும். குழிக்கு ஒரு சோழி போட்டுக்கொண்டே போகட்டும். கை பழகியதும் 'பசு' சொல்லிக் கொடுங்கள். குழியில் நாலு சோழி சேர்ந்தால் அது பசு. அதை எண்ணாமலே கண் பிடித்துக்கொள்ளும். சோழியும் புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை கைக்கு எட்டக் கூடாது. தொண்டையிலும் போகும், மூக்கிலும் போகும். இதை எத்தனை தடவை எழுதினாலும் யாராவது ஒருவர் சின்னதின் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

நெல் அளக்கும்போது ஐயா "லாபம், ரெண்டு, மூணு" என்கிறார். பேரனும் ஒன்றுக்கு லாபம் என்கிறான். குழம்பாதா? (பள்ளத்தூர்)

குழம்பாது. மரக்கால் பிடிக்கும்போது மட்டும் அப்படி என்று ஒரு தடவை சொன்னால் போதும். நம் பக்கத்தில் கணக்கு லாபத்தில் தொடங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தமிழில் எண்ணவா, ஆங்கிலத்திலா? (காரைக்குடி)

வீட்டில் பேசுகிற மொழியில். பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் காதிலேயே விழுகின்றன. லெவன், ட்வெல்வில் அது கேட்காது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் 'இருபத்துப்பத்து' என்றால் சிரிக்காதீர்கள். பிள்ளை முறையைப் பிடித்துவிட்டது.

குழந்தைக்கு எண்ணவே வரவில்லை. உடனே பதில் எழுதவும்.

வயது?