எண்பது வயதைத் தாண்டியவரின் ஜாஸ் கச்சேரிக்குப் போகலாமா?

இந்த ஆண்டு ஒரே ஒரு ஜாஸ் கச்சேரிக்குத்தான் போக முடியும், மூத்த கலைஞர்களின் விரல்வேகம் குறைந்திருக்குமோ என்று தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காதீர்கள். ரான் கார்ட்டர் வாசிக்கும் இடம் உங்களுக்கு எட்டும் தூரம் என்றால் அதற்கே போங்கள்.

1937-இல் பிறந்தவர். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் டபுள் பாஸ் (தாழ்ந்த சுரங்கள் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவர். வேகத்தை நம்பிய வாசிப்பு இல்லை அவருடையது. எந்தச் சுரத்தைத் தொடுவது, அதை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பியானோக்காரர் எதிர்பாராத பக்கம் திரும்பினால் இவர் கீழிருந்து தாங்கிக்கொள்வார். ஒலிப்பதிவில் இது பாதிதான் பிடிபடும். முடிந்தால் சின்ன கிளப்பாகப் பார்த்து, முன்னால் உட்காருங்கள்.

அவர் அமையாவிட்டால் பியானோவுக்குக் கென்னி பாரன். மெதுவான பாடல்களில் அவர் விரல்கள் காட்டும் மென்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெர்பி ஹான்காக்கும் அருமைதான், ஆனால் மேடையில் எலெக்ட்ரானிக் கீபோர்டும் நிறைய இருக்கும். அமைதியான பியானோ மட்டும் வேண்டுமென்றால் அது வேறு அனுபவம்.

அப்புறம், தள்ளிப்போடாதீர்கள். சாக்ஸபோன் மேதை சானி ராலின்ஸ் 2012-க்குப் பிறகு மேடையேறவே இல்லை.