தியோ ஏன் துப்பாக்கியைத் தொடவில்லை? ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ கேள்வி பதில்

கோத்தகிரியில் மாதம் ஒரு படம் போட்டுப் பேசுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் போன ஞாயிறு ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ போட்டோம். அல்போன்சோ குவாரோன் 2006இல் எடுத்த படம். கதை 2027இல் பிரிட்டனில் நடக்கிறது. பதினெட்டு வருடமாக உலகத்தில் எங்கேயும் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துவிட, பிரிட்டன் மட்டும் ராணுவத்தை வைத்து நின்றுகொண்டு, தஞ்சம் தேடி வருகிறவர்களைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறது. அந்த நேரத்தில் கீ என்கிற ஆப்பிரிக்க அகதிப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். அவளை ஹியூமன் ப்ராஜெக்ட் என்ற விஞ்ஞானிகள் குழுவின் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் குடித்துக்கொண்டிருக்கிற தியோ என்ற அரசாங்க ஊழியர் தலையில் விழுகிறது.

படம் முடிந்ததும் எல்லோரும் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டதால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே. கதை முழுக்க வெளியே வந்துவிடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, தியோ முதலில் பணத்துக்காகத்தானே ஒத்துக்கொள்கிறான்? அப்புறம் எந்த இடத்தில் மாறுகிறான்? நான் மாட்டுக் கொட்டகைக் காட்சி என்று நினைத்தேன், என் தோழி ஒத்துக்கொள்ளவில்லை.

பணம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற காரணம்தான்மா. 5,000 பவுண்டு தருகிறேன் என்று வேறு யார் கேட்டிருந்தாலும் அவன் அசைந்திருக்க மாட்டான். கேட்டது ஜூலியன். இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தவர்கள், டிலன் என்ற மகனை 2008 காய்ச்சலில் பறிகொடுத்தவர்கள். அதற்குப் பிறகு ஜூலியன் அகதிகளுக்காகப் போராடுகிற ஓர் இயக்கத்துக்குள் போய்விட்டாள், தியோ பாட்டிலுக்குள் போய்விட்டான்.

கொட்டகையில் கீயின் வயிற்றைப் பார்த்ததும் அவன் அதிர்ந்து போகிறான், அது உண்மை. ஆனால் அந்த இடத்தில்கூட அவன் சொல்வது ‘ஊருக்குச் சொல்லுங்கள், டாக்டரிடம் கொண்டு போங்கள்’ என்பதுதான், அதாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மாறுகிற இடம் அன்று இரவு. ஜூலியனைக் கொன்றது அவளுடைய சொந்த இயக்கம்தான் என்று அவன் ஒட்டுக் கேட்கிறான். அடுத்து கொல்லப்போவது தன்னைத்தான் என்பதும் தெரிகிறது. அப்போது அவன் ஒற்றை ஆளாகச் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் திரும்பிப் போய்க் கீயையும் அவளுடன் இருக்கிற மருத்துவச்சி மிரியத்தையும் எழுப்புகிறான். எனக்கு அதுதான் திருப்பம். அடுத்து கார் ஸ்டார்ட் ஆகாமல் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓடுகிற காட்சியில் நம் கூட்டத்தில் எல்லோரும் சீட் நுனிக்கு வந்துவிட்டீர்கள், மலைப்பாதையில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் பண்ணியவர்களுக்கு அந்தப் பதற்றம் கூடுதலாகவே புரியும்.

ஊட்டி: இவ்வளவு சண்டை நடக்கிற படத்தில் ஹீரோ ஒரு தடவைகூடத் துப்பாக்கி எடுக்கவில்லையே, வேண்டுமென்றே செய்ததா?

வேண்டுமென்றேதான் என்று நம்புகிறேன், இது தற்செயலாக அமையாது. ஆனால் அவனை அகிம்சைவாதி ஆக்கிவிடாதீர்கள். துரத்தி வருகிற மோட்டார் சைக்கிளைக் கார்க் கதவைத் திறந்து சாய்க்கிறான், சிட் என்ற காவலாளியைக் கார் பேட்டரியால் அடிக்கிறான். கையில் கிடைத்ததை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிற சாதாரண மனிதன் அவன். காலில் ஒழுங்கான செருப்புகூட இல்லாமல் பாதிப் படத்தைக் கடக்கிறான். இந்த உலகத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவனும், அரசாங்கமோ இயக்கமோ, குழந்தையைத் தன் பக்கத்துச் சொத்தாகத்தான் பார்க்கிறான். தியோவுக்குப் பக்கமே இல்லை.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்: அந்த மருத்துவச்சி அம்மாள் பாழடைந்த பள்ளிக்கூடத்தில் பேசுகிற வசனம் என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் ஹட்டிப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இயக்குநர் எதை மனதில் வைத்து எழுதியிருப்பார்?

வணக்கம் சார். படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பேச்சு அது. மிரியம் எந்தத் தத்துவமும் பேசவில்லை, அழவும் இல்லை. தான் பார்த்த வேலையைச் சொல்கிறாள். முதலில் ஒரே வாரத்தில் சில கர்ப்பங்கள் கலைந்தன, அடுத்த வாரம் இன்னும் சில, அப்புறம் இன்னும் சீக்கிரமாகவே கலைய ஆரம்பித்தன. ஒரு பெண்ணுக்கு அடுத்த முறை வர வேண்டிய தேதியைக் குறிக்க ஏட்டைப் புரட்டுகிறாள், ஏழு மாதம் தள்ளி இருக்கிற பக்கம் வெறுமையாக இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் குறைவதைப் பார்த்தவர் நீங்கள், அந்த வெற்றுப் பக்கம் உங்களைத் தொட்டதில் ஆச்சரியமே இல்லை.

அதற்கப்புறம் அவள் செய்வதுதான் என்னைக் கலக்கியது. இன்னோர் ஆஸ்பத்திரியில் இருக்கிற தோழிக்குப் போன் செய்கிறாள், அங்கேயும் இல்லை. அந்தத் தோழி சிட்னியில் இருக்கிற தன் சகோதரிக்குப் போன் செய்கிறாள், அங்கேயும் இல்லை. நம் ஹட்டிகளில் சத்தம் குறைந்தால் பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஏதோ ஒரு பள்ளியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், வருத்தம் இருந்தாலும் ஒரு போன் போட்டுக் குரலைக் கேட்டுவிடலாம். மிரியத்துக்குப் போன் போட இடமே மிச்சமில்லை. விளையாட்டு மைதானங்களின் சத்தம் மங்க மங்க நம்பிக்கையின்மை வந்து உட்கார்ந்துகொண்டது என்று அவள் சொல்லும்போது, உடைந்த ஜன்னல் வழியாக வெளியே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற கீ தெரிகிறாள். நீங்கள் இன்னொரு முறை பார்த்தால் அந்த ஜன்னலைக் கவனியுங்கள் சார்.

கூடலூர்: ஜூலியனின் இயக்கத்து லூக்கை வில்லன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அக்கா. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறதே?

நியாயம் இருக்கிறது தம்பி, அதனால்தான் அவன் பயங்கரமானவன். அகதிகளைக் கூண்டில் அடைக்கிற அரசாங்கத்தை எதிர்க்க வேண்டும் என்று அவன் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜூலியன் அமைதியாகப் போகலாம் என்றாள். மனிதனின் மரியாதையைப் பறிக்கிறவர்களிடம் எப்படி அமைதியாகப் போவது என்று கடைசியில் அவன் கத்துகிறான். அந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்வதில்லை, என்னிடமும் சுலபமான பதில் இல்லை.

அவன் தவறிய இடம் வேறு. முதல் அகதிக் குழந்தையைத் தூக்கிப் பிடித்தால் கிளர்ச்சி பற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறான், அந்தக் கணக்குக்கு ஜூலியன் தடையாக இருந்தாள், ஆளை வைத்து முடித்துவிட்டான். கொடியாக ஆக்கப்பட்ட பிறகு குழந்தைக்கு யார் பால் கொடுப்பார்கள், கீ எங்கே தூங்குவாள் என்கிற யோசனையே அவனுக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் குண்டு பொழியும்போது அவன் சொல்வதை மறுபடி கேளுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அழுதேன், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதே மறந்துவிட்டது, எவ்வளவு அழகு, எவ்வளவு சின்னது என்கிறான். பெண் குழந்தை என்று தியோ சொன்னதும், எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்கிறான். சிவெட்டல் எஜியோஃபோர் அந்த இரண்டு வரிகளைச் சொல்கிற விதத்துக்காகவே அந்தக் கதாபாத்திரத்தை நான் மன்னிக்கத் தயாராகிவிட்டேன், அடுத்த நிமிடமே அவன் மறுபடி சுடுகிறான் என்றாலும்.

வெல்லிங்டன்: தியோவின் உறவினரான அமைச்சர் நைஜல் எதற்கு ஓவியங்களைச் சேர்த்து வைக்கிறார்? பார்க்க ஆளே இருக்கப் போவதில்லையே.

தியோவும் இதையேதான் கேட்கிறான். நூறு வருடம் கழித்து இதைப் பார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், எப்படித்தான் தொடர்ந்து செய்கிறாய் என்று. நான் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை என்கிறார் நைஜல். பிகாசோவின் குவெர்னிகா, குண்டு விழுந்த ஊரைப் பற்றிய ஓவியம், அவர் சாப்பிடுகிற மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான், மாத்திரை சாப்பிடச் சொல்லி அப்பா கத்த வேண்டியிருக்கிறது. மைக்கேலாஞ்சலோவின் பியெட்டா, அதாவது இறந்த மகனை மடியில் வைத்த தாய், அந்தச் சிலையைக் காப்பாற்ற முடியவில்லை என்று நைஜல் வருத்தப்படுகிறார். பின்னால் பெக்ஸ்ஹில் அகதி முகாமில் ஒரு தாய் இறந்த மகனை அதே மாதிரி ஏந்திக்கொண்டு தெருவில் கதறுகிறாள். நைஜல் காப்பாற்ற நினைத்தது கல்லில் இருந்ததை மட்டும்தான்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: ஏன் குழந்தை பிறக்கவில்லை என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

சொல்லாததுதான் சரி. காரணம் தெரிந்துவிட்டால் படம் மருந்து தேடுகிற கதையாகிவிடும்.

குன்னூர்: தியோவின் பழைய நண்பர் ஜாஸ்பர் தன் மனைவி ஜானிஸுக்குச் சாவதற்கான அந்த மருந்தைக் கொடுப்பது கொலையில்லையா?

கஷ்டமான கேள்வி. ஜானிஸ் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், அரசாங்க உளவுத்துறை சித்திரவதை செய்ததில் அசைவே இல்லாமல் போனவர். ஜாஸ்பர் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பல வருடம் வாழ்கிறார். துப்பாக்கிக் கூட்டம் வீட்டைத் தேடி வருகிறது, தான் செத்தால் ஜானிஸ் அவர்கள் கையில் தனியாக மாட்டுவார் என்பது அவருக்குத் தெரியும். நான் அதைக் கொலை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் வெளியே போய் நின்று, தன் விரலைப் பிடித்து இழுக்கச் சொல்லும் பழைய விளையாட்டைக் கொலைகாரர்களிடமே விளையாடி நேரம் கடத்துகிறார், அந்த நேரத்தில் கீயின் கார் தூரம் போய்விடுகிறது.

ஜாஸ்பர் முந்தின இரவு சொல்வதையும் விட்டுவிடக் கூடாது. தியோவும் ஜூலியனும் ஓர் ஊர்வலத்தில் சந்தித்தது தற்செயல், ஆனால் இருவரையும் அந்த ஊர்வலத்துக்கு வரவைத்தது நம்பிக்கை. டிலன் அவர்களுடைய நம்பிக்கை, அவனைக் கொண்டுபோனது தற்செயல் என்கிறார். பக்கத்தில் தியோ இதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறான்.

பந்தலூரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, எங்கள் தாத்தா சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். கூண்டுக் காட்சி வந்தபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். இதை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

அம்மாவிடம் என் அன்பைச் சொல். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய காட்சிதான், இனிப் போடும்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாத்தா வந்த கதையும் பெக்ஸ்ஹில் கதையும் ஒன்றில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தார்கள். தாத்தா மாதிரி வந்தவர்களை இந்தியக் குடிமக்களாகத்தான் கூட்டி வந்தார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம், இன்றைய டேன்டீ, தொடங்கியது. படத்தில் வருகிறவர்களுக்கு அப்படி எந்தக் காகிதமும் கிடையாது. ஆனால் ஒன்று பொதுவாக இருக்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தை விட்டுப் போகிறவர்களிடம், உனக்கு எங்கே இருக்க ஆசை என்று யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. தலைமன்னார் கப்பலில் ஏறியவர்களில் பலர் இந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

குவாரோன் அந்தக் கூண்டுகளைத் தனியாக நிறுத்திக் காட்டுவதில்லை என்பதைக் கவனித்தாயா? தியோ ரயில் நிலையத்தில் நடந்து போகிறான், கூண்டுகள் ஓரமாகக் கடந்து போகின்றன. உள்ளே இருப்பவர்கள் தங்கள் மொழியில் பேசுகிறார்கள், கீழே எழுத்து வருவதில்லை. பின்னால் முகாமில் வருகிற மரிச்கா என்ற பெண்ணின் பேச்சுக்கும் இல்லை. அவள் கத்துவது கீக்கும் தியோவுக்கும் புரியவில்லை, இருந்தாலும் தங்க இடம் கொடுத்து, படகு வரை கொண்டுபோய் விடுகிறவள் அவள்தான். படகில் ஏறச் சொன்னால் ஏறுவதில்லை. அவளுடைய மனதில் என்ன என்று படம் சொல்லவில்லை. முகாமில் அவளுக்கு விட்டுப் போக முடியாத ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். அம்மா முழுப் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை, மரிச்கா வருகிற பகுதியை மட்டும் ஒருநாள் போட்டுக் காட்டு.

மஞ்சூர்: குழந்தை அழுகிறதைக் கேட்டதும் ராணுவம் சுடுவதை நிறுத்துகிறது, சிலர் மண்டியிடுகிறார்கள். உடனே மறுபடி சண்டை. அப்படியென்றால் எதற்கு நிறுத்தினார்கள்?

இரண்டுமே உண்மை என்பதால். அந்தச் சிப்பாய்களில் பலருக்குக் குழந்தையின் அழுகுரலே ஞாபகம் இருக்காது, அவர்கள் கடைசித் தலைமுறை. அதைக் கேட்டு உறைந்து போகிறார்கள், சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். கட்டடத்துக்குள் இருப்பவர்கள் கை நீட்டிக் குழந்தையின் காலைத் தொடுகிறார்கள். குழந்தை நகர்ந்து போன மாத்திரத்தில் ஒரு குண்டு வெடிக்கிறது, பழக்கம் திரும்பிவிடுகிறது. போரே நின்றுவிட்டது என்று காட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நான் நம்பியிருக்க மாட்டேன். எமானுவேல் லுபெஸ்கியின் காமிரா அதற்கு முந்தைய சண்டையை வெட்டே தெரியாமல் நீட்டிக்கொண்டு போகிறது, லென்சில் ரத்தத் துளி தெறித்து ஒட்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் நம்மை உள்ளே வைத்திருந்ததால்தான் அந்த அமைதி அப்படி விழுகிறது.

குன்னூர் மாணவியின் தோழி: தியோ இறந்துவிட்டானா? கப்பல் நிஜமா?

இறந்துவிட்டான். கப்பல் நிஜம், கீ அதைப் பார்க்கிறாள், அதன் பெயர் ‘டுமாரோ’. அதிலிருப்பவர்கள் நல்லவர்களா என்பதுதான் நமக்குத் தெரியாது. ஆனால் பெயர்கள் ஓடும்போது பிள்ளைகள் சிரித்து விளையாடுகிற சத்தம் வருகிறது, பாதிப் பேர் அதற்குள் எழுந்துவிட்டீர்கள்.

கீ தன் பெண்ணுக்கு டிலன் என்று பெயர் வைப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீயைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு வருத்தம். அவளை எல்லோரும் தூக்கிப் போகிற பொருளாகப் பார்த்துவிடுகிறோம். கொட்டகையில் நின்று, மெஷினுக்குத் தோதாகப் பசுவின் காம்புகளை வெட்டுகிறார்களே, மெஷினை மாற்றினால் என்ன என்று கேட்கிறவள் அவள். அப்பா யார் என்றதும் நான் கன்னிப்பெண் என்று சொல்லித் தியோவைத் திகைக்க வைத்துச் சிரிக்கிறவளும் அவள்தான். செத்துவிடலாமா என்று யோசித்தபோது வயிற்றில் குழந்தை உதைத்தது, அது உயிரோடு இருந்தது, நானும் உயிரோடு இருந்தேன் என்கிறாள். யாரை நம்புவது என்று அவளே முடிவு செய்தாள், பெயரையும் அவளே வைத்தாள்.

கோத்தகிரி: நாவல் இருக்கிறதாமே, முதலில் எதைத் தொடுவது?

படம். பி. டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய நாவலில் தியோ ஒரு வரலாற்றுப் பேராசிரியர், நாட்டை ஆள்கிறவனின் உறவினர், கர்ப்பமாவது ஜூலியன். பாதி நாட்குறிப்பாகப் போகும், நிதானமாகப் படிக்க வேண்டும். கீ அதில் கிடையாது. என் பிரதி இப்போது பந்தலூரில் ஒருவரிடம் இருக்கிறது, திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன்.