அஞ்சு மாசமா 50 கிலோவுலயே நிக்குது அக்கா!

கேள்வி: வணக்கம் அக்கா. வயசு 26, சிங்கப்பூர் யீஷுன்ல இருக்கேன், கிடங்குல ஷிஃப்ட் வேலை. எடை 60 கிலோ. என்எஸ் (தேசிய சேவை) முடிச்சதுலேர்ந்து ஜிம் போறேன், முதல் வருஷம் வாரா வாரம் ஏறுச்சு, இப்ப பென்ச் பிரஸ் (பென்ச்சுல படுத்து கம்பிய மேல தள்றது) அஞ்சு மாசமா 50 கிலோவுலயே நிக்குது. ஒவ்வொரு திங்கக்கிழமையும் 52.5 போட்டுப் பாக்குறேன், ரெண்டாவது தடவையே பார் நெஞ்சுல உக்காந்துடுது. புரோகிராம் மூணு தடவ மாத்திட்டேன். நல்லாதான் சாப்பிடுறேன். காலைல மூணு தோசை, மத்தியானம் கோப்பிக்கடைல சோறு, ஒரு கோழி, ஒரு காய், சாயங்காலம் தே (டீ), பிஸ்கட், ராத்திரி வீட்டுல சோறு, ரசம், உருளைக்கெழங்கு, ஒரு முட்டை. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பார் நெஞ்சுல உக்காந்துடுதுன்னு படிச்சதும் பதறிடுச்சு. தனியா செய்றீங்கன்னா ரேக்குக்குள்ள, அதாவது அந்தக் கம்பிக் கூண்டுக்குள்ள, பென்ச்ச இழுத்துப் போட்டு ரெண்டு பக்கமும் சேஃப்டி கம்பிய நெஞ்சு மட்டத்துக்கு வச்சுட்டு செய்ங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கறவர ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க எழுதுன சாப்பாட்ட ஒரு பேப்பர்ல போட்டு புரோட்டீன மட்டும் கூட்டிப் பாத்தேன். தோசைல ஒரு 10 கிராம், மத்தியான சோத்துலயும் கோழிலயும் சேத்து 25, தே பிஸ்கட்ல 3, ராத்திரி முட்டை 6, மிச்சமெல்லாம் சேத்து இன்னொரு 8. தாராளமா போட்டாலும் 55-ஐ தாண்டல. எடை தூக்குறவங்கள வச்சு செஞ்ச ஆய்வுகள 2018-ல ஒண்ணா சேத்துப் பாத்தப்ப, உடம்பு எடைல கிலோவுக்கு தினம் 1.6 கிராம் வரைக்கும் சாப்பிட்டா தசைக்கு பலன் இருக்கு, அதுக்கு மேல பெருசா இல்லன்னு தெரிஞ்சுது. உங்க 60 கிலோவுக்கு அது 96 கிராம். அதாவது தினமும் 40 கிராம் பத்தல, அஞ்சு மாசமா பத்தல.

நல்லாதான் சாப்பிடுறேன்னு நீங்க சொல்றது பொய் இல்ல, வயிறு ரொம்புது, ஆனா ரசமும் சோறும் ரொப்புற வயிறு வேற. முதல் வருஷம் ஏறுனதுக்கும் காரணம் இருக்கு, அப்ப உடம்பு பார எப்படி தள்றதுன்னு கத்துக்குது, நரம்பு பழகுது, அதுக்கு பெருசா சாப்பாடு வேண்டாம். அந்தக் கணக்கு தீந்ததும் புதுசா சதை வச்சாதான் தூக்குற எடை ஏறும், சதை வைக்கறதுக்கு சாமான் வேணும்ல? புரோகிராம் மூணு தடவ மாத்துனது சாமானே இல்லாம மேஸ்திரிய மட்டும் மாத்துன மாதிரி ஆயிடுச்சு.

காலைல பசியாறும்போது ரெண்டு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் சேத்துக்குங்க, 20 கிராம் வந்துடும். கோப்பிக்கடைல கூட ஒண்ணு ரெண்டு வெள்ளி போனாலும் பரவால்ல, இன்னொரு துண்டு கோழியோ மீனோ இல்ல தௌகுவாவோ (கெட்டி டோஃபு) வைக்கச் சொல்லுங்க. சாயங்காலம் பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு வாழப்பழமும் கைப்பிடி வேர்க்கடலையும், அந்தக் காலத்து கச்சாங் பூத்தே (காகிதக் கூம்புல விக்கிற கடலை) மாதிரி அவிச்ச கடலையும் கலந்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. தோசைய குறைக்காதீங்க, சோத்தையும் குறைக்காதீங்க, புரோட்டீன் மட்டும் ஏறி மொத்த கலோரி ஏறலன்னா பெருசா பிரயோஜனம் இல்ல.

காலைல எழுந்து டாய்லட் போயிட்டு வெறும் வயித்துல எடை பாத்து எழுதுங்க. தினம் ஏறி இறங்கும், கவலப்படாதீங்க, வாரத்து சராசரிய பாருங்க. வாரத்துக்கு 150-லேர்ந்து 300 கிராம் ஏறுனா சரியான வேகம். ரெண்டு வாரம் ஆகியும் அசையலன்னா இன்னொரு 250 கலோரி, அவ்வளவுதான். அதுக்கு மேல வேகமா ஏத்துனா தொப்பைதான் ஏறும்.

ட்ரெயினிங்ல மாத்த வேண்டியது கொஞ்சம்தான். எங்க தாத்தா ஊர்ல கோயில் பக்கத்துல ஒரு இளவட்டக்கல் கெடக்கும், உருண்டையா, வழுவழுன்னு, பிடிக்கவே எடம் இருக்காது. தூக்குனா தூக்குனது, இல்லன்னா அடுத்த வருஷம், அதுல அரைக் கிலோ குறைக்கவோ கூட்டவோ முடியாது. பார்பெல்ல முடியும், ஆனா நீங்க அத இளவட்டக்கல் மாதிரிதான் நடத்துறீங்க, திங்கக்கிழமை வந்தா 52.5-ஓட மோதுறீங்க. 50-க்கு 2.5 கிலோங்கறது 5 சதவீதம், கைக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய தாவல். பார 45-க்கு இறக்குங்க. மூணு செட், செட்டுக்கு ஆறு தடவைல ஆரம்பிச்சு மூணு செட்டுலயும் எட்டு சுத்தமா வர்ற வரைக்கும் அதே எடை, அப்புறம்தான் ஏத்தணும், அதுவும் அரைக் கிலோ தட்டு வாங்கி பக்கத்துக்கு ஒண்ணா போட்டு ஏத்துங்க. பென்ச் வாரத்துக்கு ரெண்டு நாள் வேணும், செட்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம் பத்தாது, மூணு நிமிஷம் உக்காருங்க. நைட் ஷிஃப்ட் வாரத்துல புது எடை வேண்டாம், இருக்கறத காப்பாத்துனா போதும், அந்த வாரம் தூக்கம்தான் முக்கியம், ஜன்னலுக்கு கெட்டியா திரை போட்டு ஏழு மணி நேரமாவது தூங்கப் பாருங்க.

கேள்வி: எனக்கு 51 வயசு, சைவம், செங்காங். டம்பெல் 8 கிலோவ தாண்ட முடியல. தினம் சாம்பார், பருப்பு சாப்பிடுறேனே மா, அது போதாதா?

பதில்: அக்கா, நம்ம வீட்டு சாம்பார்ல பருப்ப விட தண்ணிதான் ஜாஸ்தி, ஒரு கரண்டிக்கு ரெண்டு மூணு கிராம் புரோட்டீன் வந்தாலே பெருசு. கெட்டியா வெந்த பருப்பு ஒரு கப் சாப்பிட்டா கணக்கு வேற. சிங்கப்பூர்ல சைவத்துக்கு குறையே இல்ல, ஈரச்சந்தைல கெடைக்கிற தெம்பே, அதாவது புளிக்க வச்ச சோயாக் கட்டி, 100 கிராம்ல 19 கிராம் புரோட்டீன் இருக்கு, மஞ்சத்தூள் உப்பு போட்டு வறுத்து கறிவேப்பிலையோட பெரட்டுனா எங்க வீட்டுல வாழக்காய் வறுவல் மாதிரி காலியாகுது. ஒரே வேளைல குவிக்காம மூணு வேளைக்கும் பிரிச்சு வைங்க, வயசு ஏற ஏற ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கூடதான் வேணும். கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் பாலிகிளினிக்ல கேட்டுட்டு கூட்டுங்க. எட்டுலேர்ந்து பத்துக்கு போறது 25 சதவீதம் கா, அதனால எட்டுலயே பன்னெண்டு பதினஞ்சு தடவ வரட்டும், அப்புறம் 9 கெடச்சா 9.

கேள்வி: ஜிம் போறவங்க எடுத்துக்கற கிரியேட்டின் பவுடர் ஸ்டீராய்டா? அம்மா டப்பாவ ஒளிச்சு வச்சுட்டாங்க.

பதில்: இல்ல பா. மீன்லயும் இறைச்சிலயும் இருக்கற பொருள்தான், நம்ம உடம்பே செய்யுது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட்னு போட்டிருக்கறது, தினம் 3-லேர்ந்து 5 கிராம், தண்ணில கலக்கி குடிச்சா போதும், முதல் வாரங்கள்ல எடை ஒரு கிலோ ஏறும், அது தசைல சேர்ற தண்ணி. கிட்னி நோய் இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடக் கூடாது. அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு டப்பா லேபிள படிச்சுக் காட்டுங்க, அதுல ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருக்கணும், வேற ஏதாவது பேர் தெரியாதது இருந்துச்சுன்னா அம்மா ஒளிச்சு வச்சதே சரி.