ஆறிய புண்ணும் உள்ளங்கைத் தடிப்பும்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் காய் பறிக்கிறேன். வயது 28. மூன்று மாதங்களுக்கு முன் வெளியூரில் ஒரு பெண்ணுடன் உறவு கொண்டேன். சில வாரங்களில் ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது, வலியே இல்லை. மருந்துக் கடைக் களிம்பில் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கை, உள்ளங்கால்களில் செந்நிறத் தடிப்புகள். மாங்காய்ப் பால் பட்டதாலா? மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: தம்பி, மாங்காய்ப் பால் பட்டால் அரிக்கும், எரியும், பட்ட இடத்தில்தான் கொப்பளிக்கும். அது உள்ளங்காலுக்கு எப்படிப் போகும்? நீங்கள் அரிப்பைப் பற்றி எழுதவே இல்லை. கையிலும் காலிலும் ஒருசேர வந்த இந்தத் தடிப்பு, உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். ஊரில் மேகப்புண், கிரந்தி என்பார்களே, அதுதான். ரத்தப் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

புண்ணைக் களிம்பு ஆற்றவில்லை. மூன்று முதல் ஆறு வாரங்களில் தானே ஆறிவிடும் புண் அது. வலித்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போயிருப்பீர்கள். வலிக்காமல் வந்து போவதுதான் இந்த நோயின் வஞ்சகம். புண் இருந்தபோதே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இந்தத் தடிப்பும் மருந்தில்லாமலே மறையும். அதை நம்பி இருந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் குழந்தை. தாய்க்குத் தொற்றியிருந்தால் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். கருச்சிதைவு நேரலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மனைவிக்கு எடுத்த வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்திருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். இப்போது 'இல்லை' என்று வந்தாலும் அவருக்கும் ஊசி தேவைப்படலாம். பென்சிலின் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானது, குழந்தையையும் காக்கும்.

இந்தக் கட்டத்தில் பென்சாத்தின் பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட், ஒரே ஒரு முறை போதும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தவிப்பீர்கள். அங்குள்ள ஆலோசகர் துணை நிற்பார். 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணிலும் பேசலாம். இருவருக்கும் சிகிச்சை முடிந்து, மருத்துவர் சொல்லும்வரை உறவு வேண்டாம்.

ஊசி போட்ட ஒரு நாளுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அது ஒவ்வாமை அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் மனைவிக்கு வயிறு இறுக்கிப் பிடித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.