எம்ஆர்டி கதவு மூடினால்…

கேள்வி: செர்ட்ராலின் படபடப்பைக் கூட்டியது. எஸ்சிட்டலோபிராம் தூக்கத்தைக் கெடுத்தது. வென்லஃபாக்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றியது. எம்ஆர்டி ரயில் கதவு மூடினாலே செத்துவிடுவேன் போலிருக்கிறது. இனி என்ன மாத்திரை இருக்கிறது, டாக்டர்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இருக்கிறதும்மா. ஆனால் பழையதை எந்த அளவில், எத்தனை வாரம் சாப்பிட்டீர்கள்? உங்களைப்போல் திடீர்ப் பயம் தாக்கும் பீதிக் கோளாறுக்காரர்களுக்குத் தொடக்கத்தில் படபடப்பு கூடுவது சகஜம். அதனால் செர்ட்ராலினை 25 மில்லிகிராமில், சிலருக்கு அதிலும் பாதியில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். முழுப் பலனுக்கு 12 வாரம்கூட ஆகலாம். பத்தே நாளில் நிறுத்தியிருந்தால் அதைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன்.

இமிப்ரமின், குளோமிப்ரமின் பழைய மருந்துகள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், இசிஜி பார்க்கவேண்டும். ஆனாலும் சிலருக்கு நன்றாகவே கேட்கும். லோராசெபாம் வகை அமைதி மாத்திரை படபடப்பைச் சட்டென்று அடக்கும், பழக்கமாகவும் ஆகும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சிகிச்சையாளர் உங்களை நாற்காலியில் சுழலவைப்பார், ஸ்ட்ராவில் மூச்சுவிடச் சொல்வார். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதைக் காட்டுவார். கேட்கவே கொடுமைதான்! பிறகு ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன், உட்லண்ட்ஸிலிருந்து அடுத்த அட்மிரல்டி வரை.

தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும்; சோதித்தாயிற்றா? கோப்பி-ஓவை, அதாவது பாலில்லாத காப்பியை, குறையுங்கள். பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) பரிந்துரைக் கடிதத்துடன் போனால் மனநல நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.